மேலே தண்ணீர், நடுவே சருகு

கேள்வி: வைக்கோலையும் சோளத்தட்டையையும் இடுப்புயரத்துக்குக் குவித்து, சாணம் கரைத்து ஊற்றி, தினமும் குழாயால் நனைக்கிறேன். இரண்டு மாதமாகியும் மக்கவில்லை. அடியில் மட்டும் கறுத்து நாறுகிறது. சாணம் போதவில்லையா, ஐயா?

பதில்: சாணத்தின் மேல் பழி போடாதீர்கள். கடப்பாரையால் குவியலின் நடுவை நெம்பி, ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சருகாகக் காய்ந்து கிடக்கும். ஆங்காங்கே சாம்பல் பூத்தது போல வெளுத்தும் இருக்கலாம். என் முதல் குவியலில் அந்த வெளுப்பைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று குதூகலித்தவன் நான். சூடேறி ஈரம் ஆவியாகி, வேலை பாதியில் நின்றுபோனதன் அடையாளம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

வைக்கோலின் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. குழாய்த் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்து அடிக்குப் போய்விடும். அதனால்தான் நடுவில் வறட்சி, அடியில் நாற்றம்.

நுண்ணுயிர்களுக்கு வாய் கிடையாது. தட்டையின் மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில் நொதிகளைச் சுரந்து, கரைந்து வருவதை உறிஞ்சித்தான் பிழைக்கின்றன. ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சுணங்கிவிடும். 65-ஐத் தாண்டினாலோ இடைவெளிகளில் நீர் நிறைந்துவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அப்புறம் காற்று வேண்டாத கூட்டம் தலையெடுத்து, அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும். 50 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது.

சரி, எவ்வளவு தண்ணீர்? 100 கிலோ காய்ந்த வைக்கோலில் 10 கிலோ ஈரம் என்று வைத்தால், மீதி 90 கிலோ உலர்பொருள். ஈரம் 60 சதவீதமாக வேண்டுமானால் மொத்த எடை 225 கிலோ ஆக வேண்டும். அதாவது 125 லிட்டர், அதுவும் வைக்கோலுக்குள் இறங்கிய தண்ணீர். வழிந்து ஓடியது கணக்கில் சேராது. பலரும் இதில் பாதிகூட ஊற்றுவதில்லை.

ஆகவே குவியலைப் பிரித்துவிடுங்கள். காய்ந்ததைத் தொட்டியில் ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, அடியிலிருந்த ஈரச் சரக்கோடு கலந்து மறுபடி குவியுங்கள். ஒரு பிடியை இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. குவியல் சூடாகும்போது நீர் ஆவியாகும் என்பதால், புரட்டிப் போடும் ஒவ்வொரு முறையும் பிழிந்து பாருங்கள். தினமும் குழாய் பிடிப்பதை நிறுத்திவிடலாம்.

கேள்வி: பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, குழியில் மூடி சைலேஜ் (காற்றுப்படாமல் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போட்டேன். திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை. மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பதில்: மாடு சரியாகத்தான் சொல்கிறது. அந்த வாடை பியூட்ரிக் அமிலத்துடையது. சைலேஜில் காற்றே ஆகாது, ஈரமும் 65 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 75-ஐத் தாண்டினால், லாக்டிக் அமிலம் புளிப்பேற்றி முடிப்பதற்குள் கிளாஸ்டிரிடியா பாக்டீரியா முந்திக்கொள்ளும். அடுத்த முறை வெட்டியதும் அரை நாள் வாடவிட்டு நறுக்குங்கள். ரொம்பவும் காயவிட்டால் மிதித்தாலும் அமுங்காது, உள்ளே காற்று நின்று பூஞ்சை பிடிக்கும். இப்போது நாறும் பகுதியைத் தீவனமாக்க வேண்டாம். முதல் கேள்வி கேட்டவரைப் போல உங்களிடமும் காய்ந்த வைக்கோல் கிடந்தால், அதோடு கலந்து மக்கவிடுங்கள்.