லப்டொப்பில் ஒழுங்காக ஓடும் நிரல் ஏஆர்எம் பலகையில் மட்டும் ஏன் பிழைக்கிறது?

இரண்டு திரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகளுக்கு) இடையே ஒரு கொடி, அதாவது "தரவு தயார்" என்று சொல்லும் ஒரு மாறி, வைத்துத் தரவு கைமாற்றுகிறீர்கள். லப்டொப்பில் பிழையே இல்லை, ராஸ்பெரி பை என்ற சிறிய ஏஆர்எம் புரொசெசர் பலகையில் இடைக்கிடை பழைய மதிப்பு வருகிறது, பலகை பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகையை மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றிக் காசை விட்டவன்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணறு. மோட்டரின் கரண்டைச் செக்கனுக்கு 2000 தடவை அளந்து ஒரு திரெட் ரிங் பஃபரில் (முடிவுக்கு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பிப் பழசின் மேலேயே எழுதும் நினைவக வரிசையில்) போடும். மற்றது எடுத்துக் கோப்பில் எழுதும். பலகை ராஸ்பெரி பை 4. மோட்டரை நிறுத்திச் சில செக்கனில், வரிசையாகச் சுழியம் வரவேண்டிய இடத்தில் தனியாக ஒரு 6 அம்பியர் நிற்கும். சில நாளைக்கு ஒருக்கால்தான். தோட்டக்கார அண்ணை, "தம்பி, வயரை எலி கடிச்சிருக்கும்" என்றார். நானும் நம்பி வயரை மாற்றினேன், சென்சரை மாற்றினேன், பிறகு பலகையையும். மதிப்பைத் திரையில் காட்டப் பிரின்ட்எஃப் போட்டுப் பார்த்தால் பிழை ஒளித்துவிடும், எடுத்தால் திரும்ப வரும். அப்போதுதான் சந்தேகம் எலியை விட்டு என் பக்கம் திரும்பியது.

ஒரு மத்தியானம் அந்த 6 அம்பியரை முந்திய வரிகளோடு ஒப்பிட்டேன். சரியாக 16384 வாசிப்புக்கு முன் அச்சொட்டாக அதே எண். என் பஃபரின் நீளமும் 16384. அதாவது "போட்டாயிற்று" என்ற கொடி வந்துவிட்டது, தரவு வந்து சேரவில்லை. அந்த இடத்தில் கிடந்த பழசைத்தான் மற்றத் திரெட் அள்ளியிருக்கிறது.

லப்டொப்பில் உள்ளது போன்ற இன்டெல், ஏஎம்டி புரொசெசர்களில் ஒரு கோர் (புரொசெசருக்குள் தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதி) செய்த சாதாரண எழுத்துகள் அதே ஒழுங்கில்தான் மற்றக் கோர்களுக்குத் தெரியும். ஏஆர்எம் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. பை 4 இல் உள்ள கோர்ட்டெக்ஸ் ஏ72 கட்டளைகளை முன்பின்னாகவும் செய்யும். நான் கொடியை வொலடைல் என்று அறிவித்திருந்தேன். படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அது கொம்பைலர் அந்த வாசிப்பைத் தூக்கிவிடாமல் பார்க்கும், அவ்வளவுதான். புரொசெசர் அதைக் கணக்கெடுக்காது.

கொடியை அட்டோமிக் ஆக்குங்கள். எழுதும் பக்கம் ரிலீஸ்: முன்னர் எழுதிய தரவு கொடிக்குப் பிந்தாது. வாசிக்கும் பக்கம் அக்வயர்: கொடிக்குப் பிறகு வரும் வாசிப்பு கொடியை முந்தாது. சி++ மொழியில் சி++11 பதிப்பிலிருந்தே இருக்கிறது. 64 பிட் ஏஆர்எம்மில் அவை எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் என்ற கட்டளைகளாகும். இன்டெல், ஏஎம்டி லப்டொப்பில் இரண்டும் வெறும் மூவ் என்ற சாதாரணக் கட்டளைதான்.

"இன்டெல்லிலும் பேரியர் (ஒழுங்கு மாறாமல் தடுக்கும் கட்டளை) வேண்டும்" என்று சண்டைக்கு வருவோருக்கு: தெரியும். ஒவ்வொரு திரெட்டும் தன் கொடியை எழுதிவிட்டு மற்றதன் கொடியை வாசிக்கும் வேலையென்றால், எழுத்து ஸ்டோர் பஃபரில் (கோரின் எழுத்துகள் நினைவகத்துக்குப் போகுமுன் வரிசையில் நிற்கும் இடத்தில்) காத்திருக்க வாசிப்பு முந்திவிடும். அங்கே எம்ஃபென்ஸ் என்ற பேரியர் வேண்டும். கேட்டது அதுவல்ல. எல்லாவற்றுக்கும் சீக்வென்ஷியல் கன்சிஸ்டென்சியையே (எல்லாத் திரெட்டும் அட்டோமிக் செயல்களை ஒரே ஒழுங்கில் காணும் மிகக் கண்டிப்பான முறையையே) போடலாமே என்றால் போடுங்கள், ஒன்றும் குறிப்பிடாவிட்டால் சி++ தருவதும் அதைத்தான்.

வேலை தந்த கொழும்பு நிறுவனம் சென்சர் காசை என் கணக்கில் கழித்தது. அதுகூடப் பரவாயில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து செய்பவர் கொழும்பு ரேட் கேட்கக்கூடாதாம். ஏன், இங்கே கரண்ட் பில் பாதியாகவா வருகிறது?