கல்யாணத் தேதி கட்டிக்குத் தெரியாது

"என் வயது 24. திருப்பூரில் வேலை பார்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஸ்கேனில் 1.8 செ.மீ. என்றார்கள். ஊசி போட்டுப் பார்த்ததில் 'ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை' என்று வந்தது. 'எடுக்கணும்னா எடுக்கலாம், விட்டாலும் தப்பில்லை' என்கிறார் சர்ஜன். தை மாதம் எனக்குக் கல்யாணம். அதற்குள் எடுத்துவிடச் சொல்கிறார் அம்மா. கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்கிறார் பெரியம்மா. என்ன செய்யட்டும் டாக்டர்?"

- பெயர் வேண்டாம், திருப்பூர்

சர்ஜன் மழுப்பவில்லை அம்மா, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். தொட்டால் ரப்பர் போல இருக்கும், விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். அதனால்தான் 'மார்பக எலி' என்றே இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு.

முதலில் பெரியம்மா. கத்தி பட்டதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் இறந்தார்கள், பழி கத்தி மேல் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் அவசரம் வேறு. அவர் பயப்படுவது கட்டிக்கா, மாப்பிள்ளை வீட்டாருக்கா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் கட்டி யார் கண்ணுக்கும் தெரியாது, தழும்பு தெரியும். பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் சின்ன ஆபரேஷன்தான். ஆனாலும் காம்பை ஒட்டிக் கீறினால் சில பால் நாளங்கள் அறுபட வாய்ப்புண்டு. இன்று இதை எடுத்தாலும் நாளை வேறிடத்தில் இன்னொன்று வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

விட்டுவைத்தால்? பல கட்டிகள் அப்படியே இருக்கும், சில தானாகச் சுருங்கும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் கூடும்போது சில பெரிதாகலாம். அது அம்மா பக்கத்தில் இருக்கும் ஒரே நியாயமான வாதம். அதற்காக இப்போதே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உங்களுக்குப் போட்டது மெல்லிய ஊசியா, சதைத்துண்டு எடுக்கும் தடித்த ஊசியா? மெல்லிய ஊசியில் சில செல்கள்தான் வரும். ஃபைப்ரோஅடினோமாவையும், அதைப் போலவே தெரிந்து வேகமாக வளரும் 'ஃபில்லோட்ஸ்' கட்டியையும் அதை வைத்துத் தெளிவாகப் பிரிக்க முடியாது. சர்ஜனிடம் இதை நேராகக் கேளுங்கள். கையில் பட்டதும், ஸ்கேனும், ஊசி முடிவும் மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதியாக விடலாம்.

உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். முடிந்தால் அதே சென்டரில், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோய். 3 செ.மீ. தாண்டினாலோ, சட்டென்று வளர்ந்தாலோ, மேல்தோல் குழிந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பகப் புற்று இருந்திருந்தால் அதையும் சர்ஜனிடம் சொல்லுங்கள். இடையில் 'கத்தியின்றிக் கரைக்கும்' லேகிய விளம்பரம் கண்ணில் பட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ராத்திரி தூக்கம் வராமல் கை அங்கேயே போகிறது என்றால், எடுத்துவிடுங்கள். அதுவும் ஒரு சரியான காரணம்தான், 'எடுக்கலாம்' என்று சொன்ன உங்கள் சர்ஜனும் மறுக்க மாட்டார். ஆனால் தேதியைக் கல்யாண மண்டபத்துக்காரர் குறிக்க வேண்டாம். புண் ஆற வாரங்கள் ஆகும், தழும்பின் சிவப்பு மங்க மாதங்கள் ஆகும். தைக்கு முன்பா, கல்யாணம் முடிந்து நிதானமாகவா என்பதை நீங்களும் சர்ஜனும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.