கோஷாரி யாருடையது?

வணக்கம் சார்,

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உங்கள் தளத்தை நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். போன வாரம் கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரர் ஒருவர் கோஷாரிக் கடைக்கு அழைத்துப் போனார். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில், மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். நான் சும்மா இருக்காமல், "இது எங்க கிச்சடிதானே, முதல் உலகப் போரில் எங்க சிப்பாய்கள் கொண்டுவந்தது" என்று யூடியூபில் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. பாரோ என்ற பழங்கால எகிப்து மன்னர்கள் காலத்திலிருந்து நாங்கள் சாப்பிடுவது என்கிறார். எது உண்மை?

இரண்டாவது, எங்கள் வாட்ஸப் குழுவில் உலக உணவுகளை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. பீட்சா இத்தாலி ராணிக்காகச் செய்தது, குரோசான் துருக்கிப் படையைத் தோற்கடித்ததற்காகச் செய்தது, இப்படி. இவற்றை நம்பலாமா? மூன்றாவது, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஏதாவது ஒரு உலக உணவின் தோற்றம் பற்றி எழுதும் ப்ராஜெக்ட். எதை எடுக்கச் சொல்லலாம்?

அன்புடன்,
ஆர்., ஷார்ஜா

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னதும் தப்பு, நீங்கள் சொன்னதும் தப்பு. ஆனால் உங்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதல்.

முதலில் பாரோ கதை. கிண்ணத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், கொலம்பஸ் கப்பலேறும்வரை எகிப்தில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. மக்ரோனி, அலெக்சாந்திரியாவிலும் கெய்ரோவிலும் 19ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய இத்தாலியர்கள் வழியாக வந்தது. நைல் டெல்டாவில் நெல் பரவலாகப் பயிரானதே அரபுகள் எகிப்தைப் பிடித்த பிறகுதான். மிச்சம் இருப்பது பருப்பு, கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு. இதெல்லாம் பாரோ காலத்தில் உண்டு, ஆக அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் சிப்பாய் கதை. இதை எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள், ஆனால் தேதி இடிக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1853இல் முஸ்லிம் யாத்ரீகர் வேடத்தில் மெக்காவுக்குப் போனார். போகும் வழியில் சூயஸில் தங்கியவர், அங்கே காலையில் அரிசியும் பருப்பும் நெய்யும் சேர்ந்த ஒன்றைச் சாப்பிடுவதையும், அது இந்தியாவின் கிச்சடிதான் என்பதையும், மெக்கா இருக்கும் ஹிஜாஸ் பக்கமும் அது சாதாரணமாகிவிட்டது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டன் எகிப்தைப் பிடித்தது 1882இல். முதல் உலகப் போர் 1914இல். அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே கிச்சடி சூயஸ் துறைமுகத்தில் காலைப் பலகாரமாக உட்கார்ந்திருக்கிறது. சிப்பாய்கள் வந்தபோது அவர்களுக்கு அது பரிமாறப்பட்டிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

யார் கொண்டுபோனது? சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல் என்றாலும், 1830லிருந்தே பம்பாய்க்கும் சூயஸுக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்னால் பாய்மரக் கப்பல்கள், ஹஜ் யாத்ரீகர்கள், குஜராத்தி வியாபாரிகள். இராக்கிலும் இதே கிச்சரி உண்டு. கடல் வழியில் ஒவ்வொரு துறையாக இறங்கி ஏறிய உணவு இது, ஒரு நாளில் ஒரு ஆள் கொண்டுவந்து வைத்ததல்ல. இன்றைக்கும் அலெக்சாந்திரியா பக்கம் செய்யும் மஞ்சள் கோஷாரியில் கெய்ரோவின் கறுத்த பருப்பு கிடையாது, உடைத்த பருப்புதான். அதைப் பார்த்தால் உங்களுக்கே சொந்தம் தெரியும்.

ஆனால் இதைச் சொல்லி நண்பரிடம் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அரிசியும் பருப்பும் சேர்ந்த முஜத்தரா என்ற ஒன்று 1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலிலேயே இருக்கிறது. அரபு நாடுகளுக்கு இந்த ஜோடி புதிதல்ல, கிச்சடி போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு தம்பி இருந்தான். தவிர, மக்ரோனியைக் கொட்டி, பூண்டும் வினிகரும் கலந்த தக்காவையும் ஷத்தா என்ற காரச் சாறையும் ஊற்றி, கறி முட்டை எதுவும் இல்லாமல் ஏழை வயிற்றை மாலைவரை தாங்க வைக்கும் ஒரு தெருச்சாப்பாடாக அதை ஆக்கியது கெய்ரோதான், அதில் நமக்குப் பங்கே இல்லை. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் விரதம் இருக்கும் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கும் அது தோதாக அமைந்தது. நண்பரிடம் கோஷாரி எகிப்தினுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள், பாரோவை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

(இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பார்த்ததாக எழுதும் கிச்சடி, பாசிப்பருப்பும் அரிசியும் வேகவைத்து நெய் விட்டுக் காலையில் சாப்பிடுவது. மிளகும் சீரகமும் தாளித்தால் நம் வெண்பொங்கல். நாம் ஹோட்டலில் கிச்சடி என்று கேட்டு வாங்கும் ரவை சமாச்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யூடியூப்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.)

இனி உங்கள் வாட்ஸப் பட்டியல். ஒரு உணவின் கதையில் ராஜாவோ ராணியோ வந்தால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பீட்சாவை எடுங்கள். 1889 ஜூனில் ராணி மார்கெரிட்டா நேப்பிள்ஸுக்கு வந்தார், ரஃபாயேலே எஸ்போசித்தோ என்ற பீட்சாக்காரர் இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் ஒன்று செய்து கொடுத்தார், ராணி நன்றிக் கடிதம் அனுப்பினார் என்பது கதை. கடிதம் இன்னும் அந்தக் கடையில் தொங்குகிறது. அது போலியாக இருக்கலாம் என்று சில வருடங்களுக்கு முன் ஒரு வரலாற்றாய்வாளர் காரணங்களோடு எழுதினார். அது கிடக்கட்டும், மொசரெல்லாவும் பேசில் இலையும் போட்ட பீட்சாவைப் பற்றி நேப்பிள்ஸ்காரர்கள் ராணி வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அது துறைமுகக் கூலிகளின் சாப்பாடு. கூலிகள் சாப்பிட்டதற்குத் தேதி கிடையாது, ராணி சாப்பிட்டால் தேதி உண்டு. கதை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பாருக்கு நாம் தஞ்சாவூர் அரண்மனையையும் சம்பாஜியையும் இழுத்துவருகிறோமே, அதுவும் இதே சாயல்.

குரோசான் கதை இன்னும் மோசம். 1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிட்டார்கள், தோற்றுப் போனார்கள், அந்தத் துருக்கிக் கொடியின் பிறை வடிவில் வியன்னாக்காரர்கள் ரொட்டி சுட்டார்கள் என்பார்கள். பிறை வடிவ கிப்ஃபெல் ரொட்டி ஆஸ்திரியாவில் அதற்கு முன்பே இருந்தது. அது பாரிஸுக்குப் பரவியது 1830களின் கடைசியில், ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியக்காரர் அங்கே போட்ட வியன்னா பேக்கரி வழியாக. அந்தப் பெயரையாவது பட்டியலில் போட்டிருக்கலாம், போடமாட்டார்கள், அதில் வாள் சத்தம் இல்லை.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு, புதியதைப் பழையதாக்குவது. முட்டையும் சீஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த ஸ்பாகெட்டி கார்போனாராவை ரோமின் தொன்மையான சமையல் என்று இன்று கத்திச் சண்டை போடுகிறார்கள், க்ரீம் ஊற்றினால் கொலைவெறி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அப்படி ஒரு பெயரில் எதுவும் எழுத்தில் கிடைக்கவில்லை. அச்சில் கிடைக்கும் ஆரம்பக் குறிப்புகளில் ஒன்று 1952இல் சிகாகோவில் வந்தது, 1954இல் இத்தாலியிலேயே ஒரு சமையல் பத்திரிகையில் வந்ததில் பூண்டும் க்ரூயேர் சீஸும் இருக்கின்றன. அமெரிக்கச் சிப்பாய்களின் பன்றி பேக்கனும் முட்டைப் பொடியும் இதன் பின்னால் இருப்பதாகப் பார்மா பல்கலைக்கழகத்து அல்பெர்த்தோ கிராண்டி 2023இல் பேட்டி கொடுத்தார். நாடே கொதித்தது.

எனக்கு இந்த "முதலில் யார் செய்தது" என்ற கேள்வியே பிடிப்பதில்லை. அன்றாடச் சாப்பாட்டுக்கு அது பொருந்தாத கேள்வி. எது மலிவாகக் கிடைத்தது, யாருக்கு வேலை போயிற்று, எப்போதிருந்து எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ராமென் என்ற நூடுல்ஸ் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

ராமென் ஜப்பானின் பழம்பெரும் உணவு என்று உங்கள் பட்டியலிலும் இருக்கும். 1859இல் யோகோஹாமா துறைமுகம் வெளிநாட்டினருக்குத் திறந்தபோது வந்த சீனர்களோடு வந்தது அது. 1910இல் டோக்கியோ அசாகுசாவில் ஓசாகி கான்இச்சி என்பவர், யோகோஹாமா சுங்கத்தில் வேலை பார்த்தவர், அங்கிருந்து சீனச் சமையற்காரர்களை அழைத்து வந்து ராய்ராய்கென் என்ற கடையைப் போட்டார். வாடிக்கையாளர்கள் ஆலைத் தொழிலாளிகளும் மாணவர்களும். அப்போது அதைச் சீன நூடுல்ஸ் என்றுதான் சொன்னார்கள். அதுவரை அது பல சாப்பாடுகளில் ஒன்று, அவ்வளவே.

1945இல்தான் கதை திரும்புகிறது. ஜப்பான் போரில் தோற்றது. அந்த வருட நெல் விளைச்சல் பல பத்தாண்டுகளில் இல்லாத மோசம். அதுவரை அரிசி அனுப்பிக்கொண்டிருந்த தைவானும் கொரியாவும் கையை விட்டுப் போயின. சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் சிப்பாய்களும் குடியேறிகளும் லட்சக்கணக்கில் திரும்பினார்கள், வேலை இல்லை, ஆனால் அங்கே சாப்பிட்ட நூடுல்ஸின் ருசி நாக்கில் இருந்தது. அமெரிக்கா கோதுமை மாவை அனுப்பியது, ரொட்டி சுடுவதற்காக. அந்த மாவில் ஒரு பகுதி கள்ளச்சந்தைக்குப் போய் நூடுல்ஸாக வெளியே வந்தது. தெருக்கடைக்கு அனுமதி கிடையாது, போலீஸ் பிடிக்கும், ஆனாலும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டி நின்றது, பூண்டும் கொழுப்பும் மணக்கும் சூடான சாறுக்காகக் குளிரில் வரிசை நின்றது. 1950களில் இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்கக் கோதுமை விவசாயிகளின் ஆதரவில் சமையலறை வைத்த பேருந்துகள் ஜப்பானின் கிராமங்களைச் சுற்றிக் கோதுமைச் சமையல் சொல்லிக் கொடுத்தன. உபரி தானியத்தைத் தள்ள வேண்டும், அதற்கு நாக்கைப் பழக்க வேண்டும்.

அந்த வரிசைகளில் ஒன்றை ஒசாகா உமேதா நிலையத்தருகே பார்த்தவர் மோமோஃபுகு ஆண்டோ, தைவானில் பிறந்தவர். வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் முயன்று, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் தண்ணீர் ஆவியாகி உள்ளே நுண்ணிய துளைகள் விழும், பிறகு வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியாக மீண்டும் ஊறும் என்பதைப் பிடித்தார். 1958 ஆகஸ்டில் சிக்கன் ராமென் வந்தது. விலை 35 யென். அப்போது சாதாரண உடோன் நூடுல்ஸ் 6 யென், ஆக இன்று ஹாஸ்டல் மாணவன் மாதக் கடைசியில் சாப்பிடுவது அன்று ஆடம்பரப் பொருள். 1971இல் கப் நூடுல்ஸ், அடுத்த பிப்ரவரியில் ஆசாமா மலைவிடுதியில் தீவிரவாதிகள் ஒரு பெண்ணைப் பிணையாக வைத்திருந்தபோது பனியில் நின்ற போலீசார் கப்பில் நூடுல்ஸ் உறிஞ்சியதை டிவி நேரலையில் நாடே பார்த்தது. அதைவிட விளம்பரம் வேறு வேண்டுமா. இப்போது உலகம் வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி பாக்கெட்டுக்கும் மேல் உடனடி நூடுல்ஸ் சாப்பிடுகிறது. 1983இல் இந்தியாவுக்கு வந்த மேகி அந்தக் குடும்பம்தான். இவ்வளவு தெளிவாகத் தேதியுள்ள ஆண்டோவின் விஷயத்தில்கூட, அதே காலத்தில் அதே மாதிரி நூடுல்ஸ் விற்ற மற்றவர்களோடு காப்புரிமைத் தகராறு நடந்திருக்கிறது. கிச்சடிக்கு ஒரு ஆளைத் தேடி என்ன செய்ய?

மகளின் ப்ராஜெக்டுக்கு ராமென் நீளம். தாய்லாந்தின் பாட் தாய் எடுக்கச் சொல்லுங்கள். பெயரிலேயே நாடு இருக்கிறது, ஆனால் வாணலியில் நூடுல்ஸை வதக்குவது சீனக் குடியேறிகளின் கைவேலை. சயாம் என்ற பெயரை 1939இல் தாய்லாந்து என்று மாற்றிய பிரதமர் பிபுன் சோங்கிராம், மக்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி வாழ்த்த வேண்டும் என்றெல்லாம் ஆணை போட்டவர், போர்க்காலத்தில் 1942இல் வெள்ளம் வந்து அரிசி தட்டுப்பட்டபோது மதியத்துக்கு நூடுல்ஸ் சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தார். நூடுல்ஸுக்கு நொய் போதும், அரிசி மிச்சம். தள்ளுவண்டியில் தாய்லாந்துக்காரர்கள் விற்கட்டும் என்றும் ஊக்குவித்தார், வியாபாரம் சீனர் கையில் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆக, சீனருக்கு எதிரான தேசியத்துக்குச் சீனச் சமையலே உதவியது. 2002இல் அரசாங்கம் வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் போட்டபோது அந்தத் தட்டு உலகமெல்லாம் போனது.

பாட் தாய்க்கு வேண்டியது புளி, பனைவெல்லம், வேர்க்கடலை, முட்டை, கருவாட்டு இறால். மீன் சாஸும் அரிசி நூடுல்ஸும் ஷார்ஜாவில் எந்த பிலிப்பைன்ஸ் கடையிலும் கிடைக்கும். எழுதுவதோடு நிறுத்தாமல் ஒரு டப்பாவில் செய்தும் கொடுத்துவிடுங்கள், ஆனால் முன்னாலேயே டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வகுப்பில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அன்புடன்.