சூடானால் மட்டும் செல்ஃப் எடுக்காத கார்

கேள்வி: என் பெட்ரோல் கார் காலையில் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆகிறது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்திவிட்டுச் சற்று நேரத்தில் மீண்டும் சாவியைத் திருப்பினால், சில நாட்களில் ‘டக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரியை மாற்றியும் தீரவில்லை. மெக்கானிக்கிடம் போனால் கோளாறு தெரிவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த ‘டக்’ சத்தமே மிக முக்கியமான தடயம். எஞ்சின் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் போனால் பெட்ரோல் பம்ப் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்), எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் என்று தேட வேண்டியிருக்கும். சத்தமே இல்லாவிட்டால் கிளட்ச் பெடல் சுவிட்ச், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் காரின் கோளாறு இந்த இரண்டு வகையும் இல்லை. எஞ்சினின் கீழ்ப்பகுதியிலிருந்து அழுத்தமாக ‘டக்’ என்று கேட்கிறது என்றால், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் செல்ஃப் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போய்ச் சேரவில்லை என்று பொருள். டேஷ்போர்டுப் பக்கமிருந்து மெல்லிய சத்தம் வந்தால் அது ரிலே மட்டுமே.

அடுத்த முறை நிகழும்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி டெர்மினலிலோ எர்த் வயரிலோ (பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து செல்வது) இணைப்பு கெட்டிருக்கலாம். மங்காமல் நின்றால் மோட்டாருக்குள் செல்லும் பாதையே அறுபட்டிருக்கலாம். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடர்புகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

சூட்டில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுகிறது. 50 டிகிரி ஏறினால் 20 சதவீதம். எஞ்சினை நிறுத்திய பின் காற்றோட்டம் நின்றுபோவதால், அதை ஒட்டியிருக்கும் மோட்டார் சிறிது நேரம் இன்னும் சூடாகிறது. சுற்றத் தொடங்கும் வேளையில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இணைப்பில் 0.01 ஓம் தடை சேர்ந்திருந்தால், 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே இழந்துபோகும். சாவியைத் திருப்பாதபோது விளக்குகள் நன்றாக எரிவதை வைத்து இணைப்பு சரியென்று எண்ணிவிடக் கூடாது என்பது இதனால்தான். வெளியே கச்சிதமாக முறுக்கப்பட்டிருந்த ஓர் எர்த் வயரின் உறையை நான் கிழித்துப் பார்த்தபோது, உள்ளே இழைகள் பச்சை படிந்து தொட்டதும் உதிர்ந்தன.

ஆகவே பொருள்களை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் மல்டிமீட்டரைப் பிடிக்க வேண்டும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கை போகக் கூடாது. பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு நெகட்டிவ் முனையிலிருந்து (கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே) எஞ்சின் உடலுக்கு அளந்தால் 0.2 வோல்ட் அளவுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரைச் சந்தேகியுங்கள். கரண்ட் ஓடும்போதுதான் இந்த இழப்பு தெரியும், சும்மா நிற்கையில் எல்லாம் சரியாகவே காட்டும்.

இவை சரியாக இருந்து, ‘டக்’ கேட்கும் நேரத்தில் சொலினாய்டின் மோட்டார் பக்கத்து போல்ட்டில் 12 வோல்ட்டுக்கு நெருக்கமாக வந்தும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அங்கே ஒன்றுமே வரவில்லையென்றால் சொலினாய்டு. மரக்கட்டையால் மோட்டாரை மெதுவாகத் தட்டியதும் சுற்றினால் பிரஷ் மீதான சந்தேகம் வலுக்கும். ஓங்கி அடிக்காதீர்கள், பல மோட்டார்களில் உள்ளிருக்கும் காந்தம் உடைந்துவிடும்.

மெக்கானிக்கிடம் குளிர்ந்த காரைக் கொண்டு செல்வதில் பயனில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்து, ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு அங்கே நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அவர் கண்முன்னே சாவியைத் திருப்புங்கள்.