படகு மூடிக்குப் பூட்டு

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு தெலுக் பஹாங்கில் எனக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. முன்பக்கப் பெட்டியில் பேட்டரியும் மீன்பிடி சாமான்களும் வைப்பேன். இரண்டு வருடத்தில் மூன்று பூட்டு மாற்றிவிட்டேன். எல்லாம் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. எந்தப் பூட்டு வாங்கலாம், எப்படிப் பொருத்துவது?

பதில்: தம்பி, பூட்டை விடுங்கள், முதலில் அது மாட்டியிருக்கும் நாதாங்கியைப் பாருங்கள். பத்து மாவுங் பக்கம் பல வருடம் படகு பழுதுபார்த்தவன் நான். ஒருமுறை திருட்டுப்போன படகு ஒன்று வந்தது. விலை உயர்ந்த பூட்டு, கீறல்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நாதாங்கியை மட்டும் நெம்பிக் கழற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்தவை அரை அங்குல ஸ்குரு நான்கு. மெல்லிய ஃபைபரில் ஸ்குருவின் மரைக்கு என்ன பிடிப்பு இருக்கும்?

ஆகவே ஸ்குரு வேண்டாம், 6 மில்லிமீட்டர் போல்ட் போடுங்கள். மூடியின் அடியில் 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு, அப்புறம் நைலான் வளையம் உள்ள நட். பூட்டியதும் போல்ட் தலைகளை மூடிக்கொள்கிற நாதாங்கியாகப் பார்த்து வாங்குங்கள். கீலின் ஸ்குருக்கள் வெளியே தெரிந்தால் அங்கேயும் இதே வேலைதான்.

துளை போடும்போது அவசரம் கூடாது. பல மூடிகளில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பலகையோ பால்சா மரமோ இருக்கும். துளை வழியாக நீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. முதலில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, எபோக்ஸிப் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே போல்ட்டுக்குத் துளை போடுங்கள். போல்ட் தலைக்கு அடியில் படகுக்கான பாலியூரிதீன் சீலன்ட் தடவ வேண்டும். குளியலறையில் பூசும், புளித்த வாடை அடிக்கும் சிலிகான் இங்கே ஆகாது. ஸ்டெயின்லெஸ் நட்டை மெதுவாக முடுக்குங்கள். வேகமாகத் திருகினால் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சரி, பூட்டுக்கு வருவோம். உங்கள் பூட்டுகளின் உடல் பித்தளையாக இருந்தாலும் வளையம் சாதாரண இரும்பாக இருந்திருக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். உடல் பித்தளை, வளையமும் உள் ஸ்பிரிங்கும் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். நாதாங்கியும் போல்ட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக் காற்றைச் சாதாரண 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். கடையில் காந்தம் வைத்துச் சோதித்து ஏமாந்துவிடாதீர்கள், இரண்டிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. பெட்டியிலோ பில்லிலோ எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடலுக்குப் போய் வந்ததும் பூட்டை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். மாதம் ஒருமுறை சாவித் துளையில் டெஃப்லான் ஸ்பிரே அடித்தால் போதும். சமையல் எண்ணெய் ஊற்றினால் தூசியும் உப்பும் சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூளும் வேண்டாம், உப்பு ஈரத்தில் அது அரிப்பைக் கூட்டும்.

பேட்டரி அந்தப் பெட்டியில் இருக்கிறது என்கிறீர்களே, அதையும் கவனியுங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். நீர் புகாமல் மூட வேண்டும் என்று பெட்டியின் காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள்.