சின்னம்மைக்கு மருத்துவச் சீட்டில் 'வேரிசெல்லா' என்று எழுதுகிறார்களே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகச் சொன்னால், 'குட்டிப் பெரியம்மை'.

பெரியம்மையின் மருத்துவப் பெயர் வேரியோலா. லத்தீனில் 'வேரியஸ்' என்றால் புள்ளி புள்ளியாக, பல நிறமாக இருப்பது. 'வேரஸ்' என்றால் பரு. இந்த இரண்டில் ஒன்றுதான் வேரியோலாவுக்கு வேர் என்பார்கள். அதன் வாலை மாற்றி, 'சின்னது' என்று பொருள் தரும் லத்தீன் விகுதியைச் சேர்த்தால் வேரிசெல்லா. 1764இல் ருடால்ஃப் அகஸ்டின் ஃபோகல் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தப் பெயரைக் கையாண்டார். நம் 'சின்னம்மை'யும் அதே கணக்குதான்.

ஆனால் இந்தப் பெயர் சொல்லும் உறவு உண்மையில்லை. பெரியம்மை வைரஸ் வேறு குடும்பம். சின்னம்மை வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் வைரஸ் என்ற ஒன்றே தெரியாது. கொப்புளத்தைப் பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். பார்க்க லேசாக இருந்ததால் 'குட்டி' ஆகிவிட்டது.

இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடியது. சின்னம்மை வந்து போனவர்கள், தங்களுக்குப் பெரியம்மையே வந்து போய்விட்டது, இனி வராது என்று நம்பி எச்சரிக்கை இல்லாமல் இருந்தார்கள். 1767இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியபோது இந்த ஆபத்தைத்தான் சுட்டிக்காட்டினார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு. நுண்ணோக்கி உதவியில்லாமல், நோயாளியைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தே கண்டுபிடித்தார்.

எனக்குப் பெரியவனான பிறகுதான் சின்னம்மை வந்தது. வயிற்றில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அப்போதுதான் சிவந்த புள்ளி, பக்கத்திலேயே தெளிந்த நீர் கோத்த கொப்புளம், அதற்கடுத்து பொருக்குத் தட்டிய காய்ப்பு. எல்லாப் பருவமும் ஒரே இடத்தில். பெரியம்மையில் இப்படி இருக்காது. ஒரு பகுதியில் உள்ள கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும், முகத்திலும் கை கால்களிலும்தான் அதிகம். சின்னம்மைக்கு உடம்பின் நடுப்பகுதிதான் பிடித்த இடம்.

சரி, 'சிக்கன்பாக்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் ஏன் 'சிக்கன்'? கோழியிடமிருந்து தொற்றுவதில்லை. பெரிய ஆபத்து இல்லாததால் அப்படிச் சொன்னார்கள் என்பது 1755இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியின் விளக்கம். கொப்புளம் கொண்டைக்கடலை (ஆங்கிலத்தில் 'சிக்பீ') மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

அப்புறம், பரிசோதனை முடிவில் 'வேரிசெல்லா சோஸ்டர்' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். அது அந்த வைரஸின் முழுப்பெயர். சோஸ்டர் என்றால் கிரேக்கத்தில் இடைக்கச்சை. சின்னம்மை ஆறிய பிறகும் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். பல வருடம் கழித்து விழித்துக்கொண்டால் உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல் அக்கி வரும். அதனால்தான் அந்த இரண்டாம் பெயர்.

பெயரில் 'சின்ன' இருக்கிறதே என்று தயவுசெய்து அலட்சியமாக இருக்காதீர்கள். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், வயது வந்தவர்கள் ஆகியோருக்கு இது நுரையீரல் வரை போகலாம். அவர்களுக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானின் மிச்சியாகி தகஹாஷி 1970களில் உருவாக்கிய தடுப்பூசி இருக்கிறது. இதுவரை சின்னம்மை வராதவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.