ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவதூறு: வேட்பாளர் என்ன செய்யலாம்?

கேள்வி: செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினராக ஐந்து ஆண்டுகள் இருந்தேன். அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி மூன்று செய்திகள் சுற்றுகின்றன. குடிநீர்க் குழாய் இணைப்பு வாங்கித் தருவதற்கு வீட்டுக்கு வீடு பணம் வாங்கினேன் என்று ஒரு குரல் பதிவு. என் படத்தை வேறொருவர் படத்தோடு ஒட்டி, அசிங்கமான வாசகத்துடன் ஒரு படம். ‘ஐந்து வருடத்தில் ஒரு தெருவிளக்குகூடப் போடவில்லை’ என்று ஒரு போஸ்டர். எதிர்த்து நிற்பவர் வீட்டு விஷயமும் நம் கையில் இருக்கிறது, பதிலுக்குப் போடலாம் என்கிறார்கள் என் அண்ணன் மகன்கள். குழு அட்மின் மீது வழக்குப் போட முடியுமா? குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்: விலகாதீர்கள், சகோதரி. நீங்கள் விலகினாலும் பேச்சு அங்கே தொடரும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் போகும். அதைவிட முக்கியம், மூன்று செய்திகளையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

தெருவிளக்குப் போஸ்டர் அவதூறே அல்ல. ஐந்து ஆண்டுகள் பதவியில் இருந்தவரைப் பார்த்து ‘என்ன செய்தாய்’ என்று கேட்பது வாக்காளரின் உரிமை. கேட்ட விதம் முரட்டுத்தனமாக இருக்கலாம், எதிரணி எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். இதற்குப் போய்ப் போலீஸில் புகார் கொடுத்தால், கேள்வி கேட்டவரை மிரட்டுகிறார் என்ற பெயர்தான் மிஞ்சும். இதற்குத் தேவை பதில். ஊராட்சிக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும்தான். வார்டு உறுப்பினருக்கு இல்லை என்பது பாதிப் பதில். உங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டத்திலோ கிராம சபையிலோ நீங்கள் கேட்டிருந்தால், தீர்மானப் புத்தகத்தில் அது இருக்கும். ஊராட்சிச் செயலரிடம் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கேட்கவே இல்லை என்றால், கேட்காமல் விட்டதை ஊரார் முன் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைக் குழுவில் ஒரே ஒரு முறை, நான்கு வரியில், தீர்மான நகலின் படத்தோடு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குரல் பதிவு வேறு ரகம். பணம் வாங்கினீர்கள் என்பது கருத்து அல்ல. நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி. பொய்யென்றால் அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவின்படி அவதூறு. ஆனால் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல இது. காவல் நிலையத்தில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து ‘கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று சொன்னால், உங்களைத் தட்டிக் கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், சட்டமே அப்படித்தான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்கள்தான் தனிப்புகார் கொடுக்க வேண்டும்.

தேர்தலுக்கென்றே அதே சன்ஹிதாவில் 175வது பிரிவு இருக்கிறது. முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு, ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்பினால் அபராதம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. வேட்புமனு தாக்கல் செய்தவரைத்தான் சட்டம் ‘வேட்பாளர்’ என்கிறது. ‘நிற்கப்போகிறேன்’ என்று சொல்லியிருக்கும் நிலையில் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. மனு கொடுத்த பிறகும் அதே பொய் சுற்றினால் உதவும்.

சட்டத்துக்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். குழாய் இணைப்புக்கென்று ஊராட்சி ரசீது போட்டு வாங்கிய தொகை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். அந்தத் தொகையைத்தான் யாரோ உங்கள் பெயரில் திரித்திருக்கலாம். அப்படியானால், உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அந்த ரசீது இருக்கும். அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நூறு மறுப்பு அறிக்கை செய்யாததை அது செய்துவிடும்.

இனி அந்த ஒட்டுப்படம். இதில் தயங்கவே கூடாது. மானத்துக்கு அஞ்சி மூடி மறைக்கும் பெண்களைத்தான் இந்தப் படத்தைச் செய்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் சட்டமானது. இடம் ஒதுக்கிவிட்டு, நிற்க வரும் பெண்ணை ஒட்டுப்படம் போட்டு வீட்டுக்குள் விரட்ட விடுவது என்றால், அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன பொருள்? பெயருக்கு மனைவி, கையெழுத்துக்குக் கணவர் என்ற நிலை நீடிப்பதற்கு இந்த அசிங்கமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மற்றொருவரின் பெயரைக் கெடுக்கப் பொய்யான மின்னணு ஆவணம் தயாரிப்பது அதே சன்ஹிதாவின் 336வது பிரிவில் வரும். பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துவது 79வது பிரிவு. படமோ வாசகமோ ஆபாசமாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவும் சேரும். இவற்றில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். புகாரை மதுரை மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போய் அலைய வேண்டாம். செல்லம்பட்டி அவர்கள் எல்லைக்குள் வராது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப்பகுதியும் இருக்கிறது. வாட்ஸ்அப் செயலியிலேயே அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து ‘ரிப்போர்ட்’ கொடுப்பதையும் செய்துவிடுங்கள்.

புகாருக்கு உயிர் சாட்சியத்தில் இருக்கிறது. இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் நொண்டுகின்றன. அனுப்பியவர் சுமார் இரண்டு நாட்களுக்குள் செய்தியை ‘எல்லோருக்கும் அழி’ என்று அழித்துவிட முடியும். அட்மினும் பிறர் போட்டதை அழிக்கலாம். செய்தி தானாக மறையும் அமைப்பைக் குழுவில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இன்றே எடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. உங்கள் போனில் திரையைப் பதிவு செய்யும் வசதியை ஓடவிட்டு, குழுவின் பெயர், செய்தி வந்த தேதி, நேரம், அனுப்பியவரின் பெயர், அதைத் தொட்டால் வரும் கைபேசி எண் வரை ஒரே தொடர்ச்சியாக எடுங்கள். பிறகு போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பை நீக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மூலக் கருவி உங்கள் கையில் இருந்தால் வேலை எளிது.

செய்தியின் தலையில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் பல கை மாறி வந்தது. ஒற்றை அம்பு என்றால் எங்கிருந்தோ ஒருவர் எடுத்துப் போட்டது. அம்பே இல்லாவிட்டால், போட்டவரே செய்திருக்க வாய்ப்பு அதிகம். போனில் இறக்கிப் புதிதாக ஏற்றினாலும் அம்பு மறையும் என்பதால், இதை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். போலீஸுக்குத் தொடக்கப்புள்ளியாகக் கொடுங்கள். முக்கியமாக, ‘இதைப் பாருங்கள், என்ன அநியாயம்’ என்று உறவினர்களுக்கு அந்தப் படத்தை நீங்களே அனுப்பாதீர்கள். பரப்பும் கையாக நீங்களும் ஆகிவிடுவீர்கள்.

அட்மின் விஷயம். 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒருவர் வெறுமனே அட்மினாக மட்டும் இருந்தார் என்றால், உறுப்பினர் போட்ட செய்திக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது. அவரே போட்டிருந்தாலோ தூண்டியிருந்தாலோ கதை வேறு. எனவே அவரைச் சாட்சியாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். முதலில் மேலே சொன்னபடி பதிவை எடுத்துவிட்டு, ‘இந்தப் படம் பொய்யானது, நீக்கி உதவுங்கள்’ என்று அவருக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நீக்கினால் நல்லது, நீக்காவிட்டால் அந்தச் செய்தியும் தேதியோடு ஆவணமாகும். ‘நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன்’ என்பவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. பகிர்வது ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஒரு முன்ஜாமீன் மனுவில் கூறியது.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு புகார் கொடுக்கும் இடமும் மாறும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய இந்திய ஆணையம் வைத்திருக்கும் சி-விஜில் செயலியில் புகார் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, வீண்வேலை. உங்கள் பதவிக்கான தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு நகலை மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கும், ஆணையம் அனுப்பும் தேர்தல் பார்வையாளருக்கும் கொடுங்கள். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. கட்சிக் கொடியோடு உங்களைத் தாக்கும் படங்கள் வந்தால், அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுதான் எனக்குக் கவலை. ‘வேட்பாளர் விலகிவிட்டார், இன்னாருக்கு ஆதரவு’ என்று ஒரு செய்தி அந்த நேரத்தில் வந்தால், மறுக்க நேரம் இருக்காது. உங்கள் குரலைப் போலவே செயற்கை நுண்ணறிவால் செய்த பதிவாகவும் வரலாம். அதனால் வீடு வீடாகப் போகும்போதே சொல்லி வையுங்கள்: மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகு யாரும் விலக முடியாது, தலைவருக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் என் பெயரும் சின்னமும் இருக்கும், எந்தப் பதிவு வந்தாலும் என் வீட்டுக்கு வந்து கேளுங்கள் என்று. ரேஷன் கடை வரிசையிலும் நூறுநாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும் நேரில் சொன்ன சொல்லுக்கு வாட்ஸ்அப் ஈடாகாது. குழுவில் இல்லாத முதியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வதந்தி அவர்களிடம் வாய்வழியாக, இன்னும் பெரிதாகிப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி உங்கள் அண்ணன் மகன்கள். எதிர்த்து நிற்பவர் வீட்டு விஷயம் என்று அவர்கள் வைத்திருப்பதை இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டால் நான் மேலே எழுதிய பிரிவுகளில் பல அவர்கள் மீதே பாயும். அவர்கள் வயதில் ஒரு வழக்கு என்றால் பாஸ்போர்ட், அரசு வேலை என்று பல இடங்களில் முட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, இரு வீட்டுச் சண்டை இரு சமூகச் சண்டையாக மாறுவது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதைப் பிற சாதியினர் எதிர்த்ததால், தலைவர் தேர்தல் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையாக நடக்க முடியாமல் கிடந்து, 2006இல்தான் நடந்தது. அந்த வட்டாரத்தில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சாதிப் பெயர் சொல்லி ஒரு பதிவு வந்தால், பதில் போடாமல் அதே மணி நேரத்தில் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

எல்லாவற்றையும் வாக்குப்பதிவுக்கு முன்பே முடித்துவிட முடியாது. அவதூறுக்கான தனிப்புகாரைச் சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம் என்பதால், பிரச்சார நாட்களில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டாம். படத்துக்கான சைபர் புகாரை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தேர்தல் முடிவையே எதிர்ப்பதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு ஒன்றுதான் வழி. அதற்குக் கெடு குறுகியது. முடிவு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள், முத்திரை வாங்கிய புகார் நகல்களையும் அந்த போனையும் எடுத்துச் செல்லுங்கள்.